பேசுதலுக்கு விழுந்த முட்டை

வரிப்பத்தான்சேனை வயற்காரர் முத்தலிபின் மகள் ஆகிலாவுக்குக் கல்முனைப் பெரிய பாடசாலை ஒன்றில் பயிலுநர் ஆசிரியை இடம் கிடைத்தபோது, சந்தோசப்பட்டவர்களை விட மூக்கில் விரல் வைத்தவர்களே அதிகம். டவுன் பள்ளிக்கூடத்தில் இவளை யார் கணக்கெடுப்பார்கள் என்றார்கள். சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாக ஊரில் இவள் தொண்டை கிழியக் கத்திய காலத்தில் அந்த வாய்கள் எங்கே போயிருந்தனவோ!

பயிற்சி வருடம் நல்லபடிதான் போனது, ஒரு சொல்லைத் தவிர. தரம் ஒன்றுப் பிள்ளைகளிடம் "கதைங்க பாப்பம்" என்பாள். அதுகளும் வாய் ஓயாமல் கதைக்கும். முதல் மதிப்பீட்டுக்கு வந்த அப்துல் ஸமட் சேர் கொழும்புக்காரர். 'கதை' கொச்சை, ஆசிரியருக்கு அழகல்ல, 'பேசுங்கள்' என்றுதான் சொல்லவேண்டும் என்று புள்ளியை வெட்டி, சித்தியில்லை, தேறவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். கூடப் பயின்றவர்கள் எல்லாரும் அடுத்த நாளே பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆகிலா மாட்டேன் என்றாள். இந்தக் கடற்கரையில் பேசுவதென்றால் ஏசுவது. உம்மா பேசுவா, வாப்பா பேசுவார் என்று பயந்து வளர்கிற பிள்ளையிடம், நானும் பேசப்போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

இரண்டாவது மதிப்பீடுதான் கடைசி; அதற்கும் வந்தது அதே ஸமட் சேர். இதிலும் தவறினால் நியமனம் கைவிட்டுப் போகும். அடுத்த ஆட்சேர்ப்புக்கு வயதும் தாண்டிவிடும். பாடசாலை அதிபர் ஸைனம்பு மெடம் காலையிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இண்டைக்கு மட்டும் வாயக் கட்டு புள்ள. ஒரு சொல்லுதானே."

"சொல்லு ஒண்டுதான் மெடம். வகுப்பு நிறையப் புள்ளயள் இரிக்கே."

பாடத்தின் நடுவே அவள் "கதைங்க" என்றதும் ஸமட் சேர் எழுந்தார். தானே செய்துகாட்டுவதென்று முடிவுகட்டி, பிள்ளைகளின் முன்னால் வந்து நின்று, வாய் நிறையச் சிரிப்போடு சொன்னார்: "பிள்ளைகளே, இப்ப டீச்சர் உங்களோட பேசுவாங்க. அதுக்குப் பிறகு நானும் நல்லாப் பேசுவேன்."

வகுப்பு கப்சிப். முன்வரிசை முஸ்தாக் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். பக்கத்தில் இருந்த றுஸ்னாவுக்கு அழுகை முட்டியது. "நான் ஒண்டும் செய்யல்ல சேர். இவன்தான் எழுதுற சோக்க ஒடச்ச."

ஆகிலாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் வென்றது. "இல்ல புள்ளயள், பயப்படாதீங்க. சேர் உங்களோட கதைக்கத்தான் வந்திருக்கார்" என்றாள். முஸ்தாக்கின் கைகள் முன்னால் வந்தன.

சேரின் முகம் சிவந்தது. அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அதிபரும் பின்னாலேயே வந்தார். "இனிமே அந்தச் சொல்லப் பாவிக்க மாட்டேன் எண்டு சொல்லுங்க. புள்ளியப் போட்டுட்டுப் போறேன்."

தலையாட்டினால் போதும், ஆயுளுக்கும் உத்தியோகம். "சொல்ல மாட்டன் சேர்" என்றாள் ஆகிலா.

அதிபர் பதறிப்போனார். "ஆகிலா, சேரோட பேசாத!"

"பரவாயில்ல மெடம், பேசட்டும்" என்றார் சேர், பெருந்தன்மையாக.

அவரே அனுமதி கொடுத்த பிறகு ஆகிலா ஏன் விடுகிறாள்? பேசினாள். கிழக்கில் பேசுவது எப்படியோ, அப்படிப் பேசினாள்.

"உங்கட சொல்லு சுத்தமெண்டா அந்தப் புள்ள ஏன் சேர் கைய ஒளிச்சான்? புள்ளிய வேணுமெண்டா வெட்டுங்க. என்ட வகுப்புக்குள்ள வந்து என்ட புள்ளயள வெருட்டாதீங்க!"

பக்கத்து வகுப்பிலும் சத்தம் நின்றுபோனது. ஸமட் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதுக்குத்தானா இங்க பேசுறது எண்டு சொல்றீங்க?"

"ஓம் சேர். இதுக்குத்தான்."

முடிவு வந்தது. பிள்ளைகளோடு பழகுவதற்கு முழுப் புள்ளி, மொழிநடைக்கு முட்டை. கூட்டிப் பார்த்தால் மயிரிழையில் தேறி, சித்தி. நியமனம் உறுதியாகிவிட்டது. ஆனாலும் ஸமட் சேருக்கு ரோசம் போகவில்லை பாருங்கள். மேன்முறையீடு செய்தால் அந்த முட்டையை மாற்றலாம் என்றார் ஸைனம்பு மெடம்.

"வேணாம் மெடம்" என்றாள் ஆகிலா. "மத்தப் புள்ளியெல்லாம் அவர் தந்தது. முட்டை நான் உழைச்சி எடுத்தது."