ராணி அக்கா போன முன்வாசல்

ராணி அக்கா இறந்துவிட்டதாக அவருடைய கணவர் தொலைபேசியில் சொன்னபோது, வைத்தியசாலைக்குக் கொண்டுபோக எடுத்த அக்காவின் குளிர் ஜாக்கெட் என் கையில் இருந்தது.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அவருடைய நல்ல குணங்களை எழுதித் தரும்படி கேட்டார்கள். அவை உங்களுக்கே தெரியும். நான் மற்றதை எழுதுகிறேன்.

ஜெர்மனியில், நொய்கெல்ன் பகுதியில் ஒரு யப்பானிய உணவகத்தில் அக்கா ஏழு வருடமாகக் கடற்பாசித் தாளில் சோறும் மீனும் வைத்துச் சுருட்டினார். பள்ளியைப் பாதியில் விட்ட நான் பக்கத்தில் கோப்பை கழுவினேன். சமையலறைக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் நடுவே ஒரு நீலத் திரை தொங்கியது. எங்கள் முகத்தைக் கண்டால் வாடிக்கையாளருக்கு மீனில் நம்பிக்கை போய்விடுமாம். முதலாளி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் குப்பைத் தொட்டிகள் நிற்கும் பின்முற்றத்தால் வந்து போனோம்.

அங்கே வேலை செய்த ஒரே யப்பானியர் கென்ஜி. திரைக்கு அடியால் தலை குனிந்து போவதற்குத் தங்கள் மொழியில் ஒரு தனிச்சொல் உண்டு என்றார்: குகுரு. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

"இதென்ன பெரிய விசயம்? நாங்கள் வேலிப் பொட்டுக்குள்ளால குனிஞ்சு பூருறதுதானே. ஒரு நாளைக்கு இதுக்குள்ளாலயும் பூந்து போய், நான் சுத்தினதைச் சனம் எப்பிடித் தின்னுதெண்டு பாக்கோணும். நீயும் வாறியே? வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையே?"

நான் வழக்கம்போல அடுத்த கோப்பையை எடுத்துக் கழுவினேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அம்புலன்ஸ்காரரை முதலாளி பின்முற்றத்தால் கூட்டிவந்தார். திரும்பிப் போகும்போது, ஒடுக்கமான பின்படியில் அக்காவைக் கிடத்திய ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. சரித்தார்கள், இறக்கினார்கள், மறுபடி சரித்தார்கள். முன்னால் ஆட்கள் சாப்பிடுகிறார்கள், இன்னொரு முறை பாருங்கள் என்றார் முதலாளி. அக்காவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அதன்பிறகுதான் நான் ஜெர்மன் மொழியில் கத்தினேன், முன்னால் கொண்டுபோங்கள் என்று. திரையை நானே தூக்கிப் பிடித்தேன்.

அக்கா கண்ணை மூடியபடி அந்த மண்டபத்தைக் கடந்தார். பார்க்க ஆசைப்பட்ட எதையும் அவர் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் கதிரையை இழுத்து வழி விட்டார்.

பின்படியில் வீணான அந்த நிமிடங்கள் கிடைத்திருந்தால் அக்கா பிழைத்திருப்பாரா என்று வைத்தியருக்கும் சொல்லத் தெரியவில்லை. முதலாளி அனுப்பிய மலர்வளையத்தில் 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்' என்று எழுதியிருந்தது. அதை வாங்கி நீங்கள் பெட்டியின் தலைமாட்டில் வைத்தீர்கள். திரையைத் தூக்க எனக்கு அவ்வளவு நேரம் எடுத்ததையும் நான் மறக்கவில்லை.

அன்று பூசை முடிந்து வெளியே வரும்போது ஓர் அன்ரி என் கையைப் பிடித்து, செத்தவீட்டுக் கோபத்தை வாசலோடு விட்டுவிட வேண்டும் என்றார்.

"ஏலாது அன்ரி," என்றேன்.

ஜாக்கெட்டை அவருடைய கணவரிடம் கொடுத்துவிட்டேன். அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கோபம் ஒன்றுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.