பேரி மரத்துக்குப் போட்ட கவ்வாத்து

என் புருஷன் கவ்வாத்துக் கத்தியை எடுத்தால் தேயிலைச் செடிக்கு வலியே தெரியாது என்று தோட்டத்தில் சொல்வார்கள். ஒரே இழுப்பு, சாய்வான வெட்டு, பட்டை பிசிறாது. இருபது வருஷம் அந்தப் பேச்சைக் கேட்டு நானும் பூரித்துப் போயிருக்கிறேன். எங்கள் நிலம் போனது அந்தக் கத்தியால்தான். வெட்டச் சொன்ன வாய் என்னுடையது.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, தேயிலை செத்துப்போன ஒரு மேட்டில், முன்னே தோட்டத்தை நடத்திய துரை ஒருவர் ஆசைக்கு வைத்த அறுபது பேரி மரங்கள் கவனிப்பாரில்லாமல் நின்றன. புதிதாக வந்த துரை அதை எங்களிடம் ஒப்படைத்தார். மூன்றாம் வருஷம் ஒழுங்காகக் காய் பிடித்தால் நிலம் எங்களிடமே இருக்கும், ஓரத்தில் வீடும் கட்டிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் தோட்டம் திரும்ப எடுத்துக்கொள்ளும். எங்கள் பரம்பரையில் எவருக்கும் தன்னுடையதென்று கால் வைக்க ஓரடி மண் இருந்ததில்லை, எல்லோரும் தோட்டம் கொடுத்த லயத்து அறையில் பிறந்து லயத்து அறையில் செத்தவர்கள். நான் அன்றைக்கே வீட்டுக்கு இடம் பார்த்துவிட்டேன். கீழே ரயில் போவது தெரிகிற பக்கம் வாசல்.

முதல் வருஷம் கொஞ்சம் காய் பிடித்தது. குரங்கு விட்டால்தானே. தகரத்தைத் தட்டித் தட்டி என் தோள் கழன்றது. இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் இறங்கும். ஒரு கடி கடித்துவிட்டுக் கீழே போடும். முழுசாகத் தின்றிருந்தாலாவது இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. மிச்சத்தை ஈ குத்திப் புழுவாக்கியது. விவசாய அதிகாரி வந்து, காய்க்குக் காய் காகிதப் பை கட்டுவதையும் உரம் போடுவதையும் எங்களுக்குப் புரிகிற சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். வெட்டுவதைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. தேயிலைக்காரர்களுக்கு வெட்டத் தெரியாதா என்ற திமிர்.

அந்த வருஷக் கடைசியில் மரங்களை நின்று பார்த்தேன். கிளை முழுக்க விரல் நீளத்தில் கட்டைக் குச்சிகள், வளராமல், சுருங்கி, முடிச்சு முடிச்சாக. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, இந்தச் சொத்தக் குச்சியெல்லாம் எதுக்கு மரத்த உறிஞ்சிக்கிட்டு? நல்லா ஒரு கவ்வாத்துப் போடுங்களேன்."

"காய்க்கிற மரம் புள்ள. யாரையாச்சும் கேட்டுக்கிட்டுப் போடுவோம்."

"இருவது வருசம் வெட்டினவருக்கு இன்னொருத்தர் வந்து சொல்லணுமாக்கும்."

அன்றைக்கே அவர் கத்தியைத் தீட்டினார். மூன்றே நாளில் அறுபது மரமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன. குச்சிகளைக் கட்டிக் கொண்டுபோய் நான்தான் அடுப்பில் வைத்தேன்.

இரண்டாம் வருஷம் தளிர் வந்தது பாருங்கள், அப்படி ஒரு தளிர். ஆள் உயரத்துக்கு நேராக ஏறியது. லயத்துப் பெண்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். பூ மட்டும் இல்லை. நான் விட்டேனா? வெட்டு பத்தவில்லை என்று மறுபடியும் ஆழமாக வெட்ட வைத்தேன். மூன்றாம் வருஷமும் இலைதான்.

காய் பார்த்து விலை பேச ஹட்டனிலிருந்து வந்த பழ வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற வயதான முஸ்லிம் மனிதர், ஒரு கிளையைத் தடவிப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுல குட்டக் குட்டயா முடிச்சுக் குச்சி இருந்திருக்குமே, எங்க?"

"அத வெட்டிட்டோம் நானா."

"அதுலதானேம்மா காய்க்கும்."

அவர் குரலில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பிறந்ததிலிருந்து நாங்கள் பார்த்தது தேயிலைக் கொழுந்து. இலை நிறைந்தால் நல்ல செடி, இலை குறைந்தால் ஏச்சு. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பழ மரத்தைப் பார்த்தோம். தலையெழுத்து என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனசு வரவில்லை. என் புருஷன் கேட்போம் என்றார், நான்தான் கேட்க விடவில்லை.

துரை வந்து அண்ணாந்து பார்த்தார். "எலைதான் இருக்கு" என்றார். அந்த மாதமே மேட்டை எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு மரங்களில் யாரும் கத்தி வைக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் அவை காய்த்துத் தொலைத்தன, கிளை முறியும் அளவுக்கு. குரங்கு விரட்டத் தோட்டம் ஆள் தேடி, என் புருஷனையே கூப்பிட்டது. போகாதீங்க என்றேன். போனார்.

ஒருநாள் பகல் சாப்பாடு கொண்டுபோனேன். பழைய வெட்டுத் தழும்பு ஒன்றை விரலால் தடவிக் காட்டினார்.

"பாத்தியா புள்ள, எவ்வளவு சுத்தமா மூடியிருக்கு. வெட்டு நல்லா விழுந்ததாலதான் மரம் பொழச்சிருக்கு."

விழுந்து கிடந்த பேரிக்காய் ஒன்றைச் சட்டையில் துடைத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. சாப்பாட்டை வைக்கக் காவல் குடிசைக்குள் குனிந்து நுழைந்தேன். திரும்பியபோது வாசல் வழியே, கீழே ரயில் போய்க்கொண்டிருந்தது.