உங்களுக்கு மட்டும்

வீட்டில் அவள் பெயர் சின்னவள். செய்தித்தாள் அலுவலகங்களில் 'மெயில் பாத்தீங்களா'. முதல் பெயர் அப்பா வைத்தது. இரண்டாவது அவளே உழைத்துச் சம்பாதித்தது. காலையில் ஒரு மெயில் அனுப்புவாள். பத்து நிமிடத்தில் போன் செய்து, "மெயில் பாத்தீங்களா?" என்பாள். மாலை ஆறு மணிக்கு மறுபடியும். அன்றைய செய்தியை முடித்துக் கொடுக்க நிருபர்கள் தலைதெறிக்க ஓடும் நேரம் அது. அந்த நேரத்தில்தான் எல்லோரும் இருக்கையில் இருப்பார்கள் என்பது அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

அவள் சேர்ந்திருந்தது ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில். கடைகளையும் கம்பெனிகளையும் பற்றி நிருபர்களிடம் சொல்லி, அவர்களே எழுதும்படி செய்யும் வேலை. ஆறு மாதம் தற்காலிகம். அதற்குள் ஒரு செய்தியாவது அச்சில் வந்தால் நிரந்தரம், இல்லையென்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். வருகிற வெள்ளிக்கிழமை கெடு. இதுவரை அச்சில் வந்தது பூஜ்யம்.

அப்பாவோ, அவள் நிரந்தரமாகிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கல்லூரி நிறுத்தத்தின் பெயரை முப்பது வருடம் கூவியவர். ஒரு நாளும் அங்கே இறங்கியதில்லை. மகள் இறங்கினாள், படித்தாள், இப்போது 'பேப்பர்ல வேலை'. சலூன்காரரிடம், மளிகைக்கடைக்காரரிடம், மாடி வீட்டு அத்தையிடம் தனித்தனியே குரலைத் தாழ்த்தி, "உங்ககிட்ட மட்டும் சொல்றேன்" என்று ஆரம்பிப்பார். தினமும் காலையில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அவள் பெயரைத் தேடுவார். இரங்கல் விளம்பரத்தைக்கூட விடமாட்டார்.

அந்த வாரம் அவள் கையில் இருந்தது ஒரு காலணிக் கடை. திங்கட்கிழமை மெயில் எழுதினாள். 'காலணி உலகில் ஒரு புரட்சி' என்று தலைப்பு. மூன்று பத்தி, கடை முதலாளியின் தொலைநோக்குப் பார்வைக்கு. கோட்டு சூட்டோடு அவர் படம், திறந்தால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும் கனம். நான்காவது பத்தியின் மூலையில்தான் விஷயம்: அந்தக் கடையில் வலது காலுக்கு ஓர் அளவு, இடது காலுக்கு வேறு அளவு என்று கேட்டாலும் ஒரே ஜோடியாகத் தருவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, 'இந்தச் செய்தி உங்களுக்கு மட்டும்' என்று எழுதி, நாற்பத்து மூன்று பேருக்கு அனுப்பினாள். ஒருவர் பெயர் இன்னொருவர் கண்ணில் படக்கூடாது என்று ஒவ்வொன்றாக அனுப்பினாள். கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு முழு மதியம் செலவானது.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு நிருபர் அவளாகவே கூப்பிட்டாள். ஆறு மாதத்தில் முதல் தடவை. சின்னவள் எழுந்து நின்று பேசினாள்.

"உங்களுக்கு மட்டும்னு போட்டிருந்தீங்க."

"ஆமா மேடம். உங்களுக்கு மட்டும்தான்."

"எங்க வீட்டுக்காரர் வேற பேப்பர்ல இருக்கார். அவருக்கும் 'உங்களுக்கு மட்டும்'னுதான் வந்திருக்கு. அன்புள்ள மேடம்னு வேற. வீட்டுல ஆபீஸ் கதை பேசறதில்லன்னு ஒரு கட்டுப்பாடு வெச்சிருந்தோம்மா. காலைல உங்களால அது போச்சு."

தவறுதலாகப் போய்விட்டது என்று சொல்லலாம். சொல்ல வாய் வந்தது. இதற்காகவா இத்தனை வருடம் படித்தோம் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"நாப்பத்து மூணு பேருக்கு அனுப்பினேன் மேடம்."

அந்தப் பக்கம் எதையோ மெல்லும் சத்தம் நின்றது. பிறகு நிருபர் கேட்டாள், அந்த ஷூவை யார் வாங்குகிறார்கள் என்று. சின்னவளுக்குத் தெரியவில்லை. முதலாளியின் தொலைநோக்குப் பார்வையைப் பற்றி ஆரம்பித்தாள்.

"பார்வை அவரோடது, சரி. கால் யாரோடதும்மா?"

மறுநாள் காலையில் சின்னவள் முதல்முறையாக அந்தக் கடைக்குப் போனாள். முதலாளி வெளியூர். கால் அளவு எடுக்கும் அக்கா குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வந்தவள் யாரென்று கேட்பதற்குள் பாதத்தைப் பிடித்து அளவுப் பலகையில் வைத்துவிட்டாள். இடது கால் அரை அளவு பெரிது. இருபத்து மூன்று வருடமாகக் கூடவே நடந்த கால், இப்போதுதான் தெரிகிறது.

அக்கா சொன்ன கதை இது. நான்கு வருடத்துக்கு முன் ஒரு வங்கிக் காவலாளி சாக்கு மூட்டையோடு வந்தார். சின்ன வயதில் வந்த நோயில் அவருக்கு வலது கால் சிறுத்துவிட்டது. வலதுக்கு ஆறு, இடதுக்கு ஒன்பது. ஒவ்வொரு தடவையும் இரண்டு ஜோடி வாங்கி, ஒன்றிலிருந்து ஒன்றாகப் போட்டுக்கொண்டு, மீதியைப் பரண்மேல் வைத்துவிடுவார். மூட்டையில் இருபத்திரண்டு ஷூ, ஒன்றும் மண் மிதிக்காதது. "எனக்கு நேர் எதிரா கால் உள்ளவங்க யாராவது வந்தா குடுத்துடுங்க" என்று வைத்துவிட்டுப் போனார். பைத்தியமா என்று கடையே சிரித்தது. எட்டு மாதத்தில் ஒரு தையல் டீச்சர் வந்தாள். இடது ஆறு, வலது ஒன்பது. அன்றைக்குத்தான் அக்கா முதலாளியிடம் சொன்னாள், ஜோடியைப் பிரித்து விற்றால் என்ன என்று.

"இதை யார்கிட்டயும் சொல்லலையாக்கா?"

"யாரு கேட்டா?"

சின்னவள் காவலாளியிடமும் டீச்சரிடமும் பேசி, நிருபர் கூப்பிட்டால் பேசுவார்களா என்று கேட்டுக்கொண்டாள். பிறகு ஆறு வரி எழுதினாள். கோட்டு இல்லை, புரட்சி இல்லை. மூட்டை இருந்தது, காவலாளியின் எண் இருந்தது, அவர் ஓய்வாக இருக்கும் நேரம் இருந்தது. நிருபருடைய கணவரின் பேப்பர் பெரியது. ஆனாலும் கூப்பிட்டவள் மனைவி. மனைவிக்கே அனுப்பினாள். மேலே 'உங்களுக்கு மட்டும்' என்று அடித்துவிட்டு, அழித்தாள். ஆறு மணிக்குக் கை அரித்தது. போனை மேசை இழுப்பறையில் பூட்டி, சாவியைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஐந்தாம் பக்கத்தில் மூட்டையின் படம் வந்தது. பக்கத்தில் முக்காலியோடு அக்கா. கடையின் பெயர் ஆறாவது பத்தியில் ஒரே ஒரு தடவை. பத்து மணிக்குக் கணவர் நிருபர் கூப்பிட்டார்.

"நேத்தெல்லாம் வீட்டுல ஒருத்தி தனியா சிரிச்சுக்கிட்டிருந்தா. இப்பதான் புரியுது. எனக்கு மட்டும் வரலையேம்மா."

பதினொரு மணிக்கு, தன் படம் எங்கே என்று கடை முதலாளி குதித்தார். நான்கு மணிக்கு அவரே மறுபடி கூப்பிட்டு, ஒற்றைச் செருப்புகளோடு வாசலில் கூட்டம் நிற்கிறது, என்ன செய்வது என்று கேட்டார். சின்னவளின் நிறுவனத்தை நடத்தும் மேடம் செய்தியை ஸ்கேல் வைத்து அளந்து, அடுத்த தடவை கடைப் பெயர் மூன்றாவது பத்திக்குள் வரட்டும் என்று சொல்லி, நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் அப்பா ஐந்தாம் பக்கத்தை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"உன் பேரு எங்கம்மா?"

"வராதுப்பா. எழுதினது வேற ஒருத்தங்க. நான் இப்படி ஒண்ணு இருக்குன்னு சொன்னேன், அவ்வளவுதான்."

அப்பா யோசித்தார். "அப்ப ஸ்டாப்பு பேரைக் கூவறது நீ. இறங்கிப் பாக்கறது அவங்க."

"இந்தத் தடவை நானும் இறங்கினேன்ப்பா."

அவர் பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிப் படியிறங்கினார். சின்னவள் ஜன்னலுக்கு வந்தாள். கீழே சலூன் வாசலில் அப்பாவின் குரல் தாழ்ந்தது, தெரு முழுக்கக் கேட்கும் அளவுக்கு.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன்…"