கிட்டாரின் முதுகில் புளி

போன ஞாயிறு பூசை முடிந்த கையோடு எங்கள் பங்கு ஃபாதருக்கு ஓர் இருமல் வந்தது பாருங்கள்...

சாதாரண இருமல் இல்லை. முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்து, வாயைப் பொத்திக்கொண்டு, பீடத்துக்குப் பின்னால் இருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "ஃபாதருக்குச் சுடுதண்ணி குடுங்க" என்று பாடகர் குழுவே பதறியது.

நான் மட்டும் பதறவில்லை. இருமுவதற்கு ஒரு நொடி முன்புதான் அவர் என் கணவரின் கிட்டாருக்குள் செல்போன் டார்ச் அடித்து எட்டிப் பார்த்திருந்தார்.

கிட்டாருக்குள் பார்த்தால் இருமல் வருமா? வரும். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் புளியிலிருந்து தொடங்க வேண்டும். இல்லை, புளிக்கும் முன்னால் என் வீட்டுக்காரரிலிருந்து.

அவர் பெயர் சவரி. நல்லம்பள்ளியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். சுற்று வட்டாரத்தில் யார் போர்வெல்லில் மோட்டார் எரிந்தாலும் முதல் போன் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். வாரத்தில் ஆறு நாள் செம்புக் கம்பி. ஏழாம் நாள் கோயிலில் கிட்டார் கம்பி.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் களி சாப்பிட்டுக்கொண்டே, "ஸ்டெல்லா, நானே ஒரு கிட்டார் செஞ்சிடலாம்னு இருக்கறேன்" என்றார்.

"செய்ங்க" என்றேன். வீட்டு ஆண்கள் செய்யப்போவதாகச் சொல்வதையெல்லாம் செய்தா விடுகிறார்கள்?

செய்துவிட்டார்! கார் வாங்கினால் நிறுத்தலாம் என்று ஒரு ஷெட் கட்டியிருந்தோம். கார் வரவில்லை. பட்டறை வந்துவிட்டது.

அதுவும் சாதா கிட்டார் இல்லையாம். ஆர்ச்டாப். சாதா கிட்டாருக்கு முகம் சப்பையாக, நடுவில் வட்ட ஓட்டையோடு இருக்கும். இதற்கு முகமும் முதுகும் வயலின் மாதிரி மேடாக எழும்பியிருக்கும். இரண்டு பக்கமும் நெளிநெளியாக நீள ஓட்டைகள். அந்த மேட்டைத் தடிப் பலகையிலிருந்து செதுக்கியே எடுக்க வேண்டும் — வெளியே மேடு, உள்ளே குழி. நடுவில் ஐந்து மில்லி கனம், ஓரத்தில் மூன்று மில்லி. அதற்கு மேல் போனால் குரல் வராது, கீழே போனால் பலகையே இருக்காது.

முகத்துக்கு ஸ்ப்ரூஸ் என்று ஒரு வெளிநாட்டுப் பலகை கூரியரில் வந்தது. முதுகுக்கு நம் பலாவே போதும் என்று காரிமங்கலத்தில் ஒரு மர அறுவை மில்லில் தேடி வாங்கி வந்தார். ஆக்ஸா பிளேடைத் தேய்த்து அவரே செய்துகொண்ட சுரண்டியால் முதுகை மட்டும் நான்கு மாதம் சுரண்டினார். நான்கு மாதம்! சுரண்டுவார், காதருகே பிடித்துத் தட்டுவார், சந்தையில் தர்பூசணி தட்டுகிற மாதிரி. "இன்னும் பேசல ஸ்டெல்லா" என்பார். மறுபடி சுரண்டுவார்.

என்னிடமிருந்துகூட அவர் இவ்வளவு பேச்சை எதிர்பார்த்ததில்லை. பொறாமையா என்று கேட்காதீர்கள். கொஞ்சம் இருந்தது.

இப்போது புளி.

மாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் எல்லார் வாசலிலும் புளிதான். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பிசைந்து வருடத்துக்கும் எடுத்து வைப்போம். பக்கத்து வீட்டு முனியம்மா அக்காவுக்குச் சொந்தமாக நான்கு மரம். இரண்டு வீட்டுப் புளியையும் சேர்ந்து உட்கார்ந்துதான் முடிப்போம். வேலையும் நடக்கும், ஊர்க்கதையும் நடக்கும்.

இந்த வருடம் காய்ப்பு அதிகம். முறம், தாம்பாளம், அண்டா மூடி எல்லாம் நிரம்பிவிட்டது.

"டீச்சர், இன்னொரு தட்டு கெடச்சா போதும். வூட்டுல இல்லீங்களா?" என்றார் முனியம்மா அக்கா.

எழுந்து ஷெட்டுக்குள் போனேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்குக் கிட்டார் நினைவே வரவில்லை. மஞ்சள் மரம், நல்ல அகலம், வழவழவென்று உள்ளே அழகாகக் குழிந்து... புளி வைப்பதற்கென்றே ஒரு புண்ணியவான் உட்கார்ந்து செய்தது போலிருந்தது. இடுப்புதான் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. யாருக்குத்தான் ஒடுங்காமல்... சரி, அந்தப் பேச்சு வேண்டாம்.

"அரை மணி நேரந்தானே" என்று எடுத்து வந்து புளியைக் கொட்டினேன். பேச்சு சுவாரசியத்தில் சாயங்காலம் ஆகிவிட்டது. புளியை அள்ளிப் பார்த்தால் பலகையின் உள்பக்கமெல்லாம் திட்டுத் திட்டாகக் கறை. அப்போதுதான் அது கிட்டாரின் முதுகு என்று எனக்கு உறைத்தது.

"கழுவி வெயில்ல போட்டா போயிடும் டீச்சர். மரந்தானுங்களே. அண்ணனுக்கு எங்க தெரியப் போவுது?" என்றார் அக்கா.

வீட்டுக்காரர் இண்டூரில் ஒரு மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மொட்டை மாடியில் இன்னும் வெயில் இருந்தது. தேங்காய் நாரால் தேய்த்தேன், தண்ணீர் ஊற்றினேன், காய வைத்தேன், இருந்த இடத்திலேயே வைத்தேன். உள்பக்கம்தானே? மூடி ஒட்டிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?

மறுநாள் அவர் பலகையைத் திருப்பிப் பார்த்து, "இங்க கொஞ்சம் கருத்திருக்குதே?" என்றார்.

"பலா இல்லீங்களா, வெளிச்சம் பட்டா கருக்கும்" என்றேன். மரத்தைப் பற்றி அவரிடமே கற்றுக்கொண்டதை வைத்து அவரிடமே பொய். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொன்ன வாய் இது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான்கு நாள் கழித்து, முதுகை ஒட்டுவதற்காகச் சுற்றுச் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தார். பலகை ஆடியது. இரண்டு முனையில் உட்கார்ந்தது, இரண்டு முனையில் தூக்கியது. பத்து ரூபாய் நாணயம் நுழைகிற இடைவெளி. மரம் முறுக்கிக்கொண்டுவிட்டது. பின்னே, மூன்று மில்லிப் பலகையை நனைத்து வெயிலில் போட்டால்?

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் வினை. தன்னையே சொல்லிக்கொண்டார். "நாந்தான் எங்கியோ ஒரு பக்கமா அதிகமா எடுத்துட்டேன் போல" என்றார். அளந்தார். அளவு சரியாக இருந்தது. அளக்கிற கருவியே தப்போ என்று மறுபடி அளந்தார். இரண்டு உருண்டை களி சாப்பிடுகிறவர் ஒன்றோடு எழுந்தார். தட்டுவதை நிறுத்திவிட்டார். ஷெட்டிலிருந்து அந்த டொக் டொக் சத்தம் வராத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஒருநாள் கடையிலிருந்து வந்தவர் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "கை நிதானம் போயிடுச்சு ஸ்டெல்லா. வயசாவுதில்ல? காயில் கட்டறதுக்கும் இனிமே வேற ஆளுதான் போடணும் போல."

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்த கை அது. அந்தக் கையில் ஒரு குற்றமும் இல்லை என்று இந்த உலகத்தில் எனக்கும் முனியம்மா அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். நாம் மறைக்கிற தப்பு எங்கேயும் தொலைந்து போவதில்லை. பக்கத்தில் இருக்கிற நல்லவர் தலையில் போய் ஏறிக்கொள்கிறது. இது தெரிந்தும் வாய் வந்ததா? வரவில்லை.

தவக்காலம் வேறு. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அங்கே நாம் சொல்லும் பாவத்தைக் கேட்ட ஃபாதர், உயிரே போனாலும் வெளியே மூச்சு விடக்கூடாது. ஜாடையாகக்கூடக் காட்டக்கூடாது. அந்தத் தைரியத்தில் தட்டிக்குப் பின்னால் முழங்காலில் நின்று, குரலைக்கூடக் கொஞ்சம் மாற்றி, எல்லாவற்றையும் சொன்னேன்.

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "எவ்வளவு புளி?" என்று கேட்டார் ஃபாதர்.

"ஆறு கிலோ இருக்கும் ஃபாதர்."

"பரிகாரமா, அவருகிட்ட உண்மையச் சொல்லுங்கம்மா."

"வேற ஏதாச்சும் குடுங்க ஃபாதர். அம்பத்து மூணுமணி ஜெபமாலை வேணா மூணு தடவ சொல்லீடறேன்."

"அதெல்லாம் வேணாம். இது மட்டும் போதும்."

அப்படியும் இரண்டு நாள் தள்ளினேன். மூன்றாம் நாள் சனிக்கிழமை. வாசலில் மிச்சப் புளியோடு நானும் முனியம்மா அக்காவும் உட்கார்ந்திருந்தோம். சவரி ஷெட்டிலிருந்து அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா முன்னால் நீட்டினார்.

"இது இனிமே எதுக்கும் ஆவாது. நல்லா குழிவா இருக்குது பாரு முனியம்மா. புளி கிளி வெக்கறதுக்கு எடுத்துக்க."

முனியம்மா அக்கா என்னைப் பார்த்தார். நான் முனியம்மா அக்காவைப் பார்த்தேன். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. நான் அழுதேன்.

"ஏற்கெனவே வெச்சாச்சுங்க" என்றேன்.

ஒன்று விடாமல் சொன்னேன். புளி, உப்பு, தேங்காய் நார், தண்ணீர், மொட்டை மாடி, பலா கருக்கும் என்ற பொய். எல்லாம். அக்கா புளியோடு புளியாகக் குனிந்துகொண்டார்.

சவரி பலகையைத் திருப்பினார். குழிவான பக்கத்தை நாக்கால் ஒரு நக்கு நக்கிப் பார்த்தார்.

"உப்பு" என்றார்.

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். நான்கு மாத உழைப்பு. திட்ட வேண்டியதுதானே? நான் என்றால் ஊரைக் கூட்டியிருப்பேன். அவர் முகம் என்னவோ மெதுவாக வேறு மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

"அப்ப... என் கை தப்பு இல்லியா?"

"இல்லீங்க."

"நான் செதுக்குனது சரியாத்தான் இருந்துதா?"

"உங்க கையில ஒரு தப்பும் இல்லீங்க. எல்லாம் நான் செஞ்சது."

அந்த மனிதர் சிரித்தார். தன் நான்கு மாதத்தைக் கெடுத்தவளைப் பார்த்து, லாட்டரி விழுந்தவர் மாதிரி சிரித்தார். அன்று மூன்று களி சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் திட்டு வந்தது. "கறையோட அப்படியே விட்டிருந்தா ஒன்னுமே ஆயிருக்காது. தண்ணிய ஊத்தி வெயில்ல போட்டியே, உன்ன என்ன பண்றது? இதுக்குத்தான் படிச்சவங்கள நம்பக்கூடாது." இவ்வளவுதான் மொத்தத் திட்டு.

பலகையை ஈரத் துணியால் இரண்டு பக்கமும் ஒத்தி, அதன் வளைவுக்குத் தகுந்த மாதிரி கட்டைகள் கொடுத்து, மேலே இரண்டு கேழ்வரகு மூட்டையை ஏற்றினார். நிழலில் பதினொரு நாள். முனியம்மா அக்கா தினமும் காலையில் வந்து, "எறங்கிடுச்சுங்களா அண்ணா?" என்று ஆஸ்பத்திரியில் விசாரிப்பது போல விசாரித்துவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள் சட்டத்தின் மேல் வைத்தார். ஆடவில்லை. தட்டிப் பார்த்தார். என் காதிலும் வைத்துத் தட்டிக் காட்டினார். பேசியதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குக் கேட்டது.

மூடி ஒட்டுகிற அன்று கிளாம்ப் பிடிக்க என்னையே கூப்பிட்டார். கோந்து தடவுவதற்கு முன், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து முதுகின் உள்பக்கம் என்னவோ எழுதினார்.

"என்னங்க அது?"

"செஞ்சவன் பேர எழுதறது வழக்கம்" என்று சொல்லிக் கையால் மறைத்துக்கொண்டார்.

அதன் பிறகு கழுத்து, கம்பி, பாலிஷ் என்று இன்னும் பல மாதம் ஓடியது. போன ஞாயிறுதான் முதல்முறையாகக் கோயிலுக்குக் கொண்டுவந்தார். காணிக்கைப் பாட்டில் அது பாடியபோது, எனக்குப் பாட்டு வாயில் வரவில்லை. பக்கத்து பெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

பூசை முடிந்ததும் ஃபாதர் வந்து கிட்டாரைத் தடவிப் பார்த்தார். "எந்தக் கம்பெனி சவரி?"

"உள்ள எழுதியிருக்குது ஃபாதர், பாருங்க."

ஃபாதர் டார்ச் அடித்துக் குனிந்தார். படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் கண்ணைத் திருப்பிக்கொண்டார். அவர் சிரித்தால் பாவசங்கீர்த்தன ரகசியம் போச்சு. பாவம், இருமினார்!

அவர் உள்ளே ஓடியதும் என் செல்போனை எடுத்து நானும் அடித்துப் பார்த்தேன். சவரியின் கட்டம் கட்டமான எழுத்தில் மூன்று வரி.

முகம் ஸ்ப்ரூஸ், முதுகு பலா.
செதுக்கியது சவரி.
புளி போட்டுப் பதப்படுத்தியது ஸ்டெல்லா.

வாரா வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என் பெயர் அச்சில் வருகிறது. மறுநாளே பஜ்ஜி மடிக்கப் போய்விடுகிறது. இந்தப் பெயர் எங்கேயும் போகாது.