சரஸ்வதி மேசையின் நாலாவது கால்

எங்கள் வகுப்பில் நாடுகளைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார்கள். சமூகக் கல்வி ரீச்சர் சோக்குப் பெட்டியை நீட்ட, ஒவ்வொருவராகப் போய்க் கைவிட்டு எடுத்தோம். முன்வாங்கில் இருந்தவளுக்கு இந்தியா விழுந்தது. இந்தியாவைத் தானே கட்டி எழுப்பியவள் மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தாள். என் பக்கத்தில் இருந்த கொட்டாஞ்சேனைச் சிநேகிதிக்குப் பர்மா. எனக்கு மாலைதீவு.

‘அயல் நாடுகளும் அவற்றின் பிரதான தொழில்களும்’ என்பது கண்காட்சியின் தலைப்பு. ஆளுக்கொரு மேசை. அந்த நாடு எதை விற்றுப் பிழைக்கிறது என்று மட்டையில் எழுதி, அந்தப் பொருளில் ஒன்றையாவது கொண்டுவந்து வைக்கவேண்டும். பொருள் இல்லாத மேசைக்குப் புள்ளியும் இல்லை என்று ரீச்சர் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது பத்து வயது. வெறும் மேசைக்குப் பின்னால் நிற்பதைவிடப் பெரிய அவமானம் உலகத்தில் இல்லை என்று நம்பியிருந்தேன்.

நேரே அப்பாவிடம் போனேன். வெளிநாட்டுச் சாமான் இறக்க அனுமதி கேட்பவர்களுக்குப் பதில் கடிதம் அடித்து அனுப்பும் ஒரு கந்தோரில் அவர் தட்டச்சு வேலை பார்த்தார். நாட்டிடம் அந்நியச் செலாவணி இல்லை, கண்டதையும் வெளியிலிருந்து வாங்க முடியாது என்று சொல்லப்பட்ட காலம் அது. கடைகளில் பருப்பு இல்லை, செத்தல் மிளகாய் இல்லை. ஆனால் அப்பாவின் வாயில் எந்த நாட்டுக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ஒரு சிமிட்டாப் பொடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தொடங்கினார்.

“இந்தியா ஊசியிலயிருந்து ரெயில் வரைக்கும் தானே செய்யுது. அது நாலு காலில நிக்கிற மேசை. நாங்கள் தேயிலை, றப்பர், தெங்கு எண்டு மூண்டு காலில நிக்கிறம். மாலைதீவு பாவம், ஒற்றைக்கால். மாசி ஒண்டுதான். அதையும் வாங்கிறது நாங்கள்தான்.”

மாசி என்றால் என்னவென்று கேட்டேன்.

“மீனை அவிச்சு, புகை போட்டு, காயவைக்கிறது. சம்பலுக்கு இடிச்சுப் போடுவினமாம்.”

அந்த ‘ஆம்’தான் எங்கள் குடும்பத்தின் சரித்திரம். வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த மாடிவீட்டுக்குள் மீனின் படம்கூட ஏறியதில்லை. மாசியைப் பற்றி அரை மணித்தியாலம் பேசிய அப்பா அதைக் கண்ணால் கண்டதில்லை. படம் கீறிக்கொண்டு போகச் சொன்னார். நான் அழுதேன்.

கொட்டாஞ்சேனைச் சிநேகிதிதான் காப்பாற்றினாள். அவளுடைய தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்தார். எங்கிருந்தோ கிடைத்த ஒரேயொரு மாசித்துண்டை அவளுடைய தாய் பெருநாளுக்கென்று ஒளித்து வைத்திருந்தாளாம். அழுது அடம்பிடித்து, அதை எனக்காக இரவல் வாங்கி வந்தாள். அது சுற்றியிருந்த பேப்பரில் மாசியின் உருவம் பென்சிலால் சுற்றிக் கீறப்பட்டிருந்தது. திரும்பி வரும்போது கோட்டுக்குச் சரியாக இருக்கவேண்டும் என்பது தாயின் கட்டளை.

கறுத்து, வளைந்து, கல்லுப்போல் இருந்த அதைப் பேப்பரிலிருந்து எடுத்து, பல்கனியில் பலகைத் துண்டுகளுக்கு நடுவில் செருகிவிட்டு ரியூசனுக்குப் போனேன். கண்காட்சிக்கு மூன்று நாள் இருந்தது. அடுத்த நாள் நவராத்திரி தொடங்குகிறது. கண் டொக்டரிடம் காட்டுவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பெரியம்மா, அம்மாவின் மூத்த சகோதரி, எங்கள் வீட்டிலேயே விரதம் பிடிக்கப்போகிறார். கண் மங்கியிருந்தாலும் அவருடைய மூக்குக்கு எந்தக் குறையும் இல்லை.

நான் திரும்பி வந்தபோது சாமி மேசையில் பட்டு விரித்து, தேங்காய் வைத்த கும்பமும் சரஸ்வதி படமும் ஏறியிருந்தன. ஆடிக்கொண்டிருந்த மேசைக்கு முண்டு கொடுத்துவிட்டு அப்பா கைதட்டித் தூசி உதறிக்கொண்டிருந்தார். “பல்கனியில ஒரு கட்டை கிடந்தது. நல்ல வைரமான மரம். இந்தக் காலத்தில இப்பிடி மரம் எங்க இருக்கு?” என்றார். குனிந்து பார்த்தேன். சரஸ்வதியின் நாலாவது கால் மாலைதீவின் ஒரே தொழிலின்மேல் நின்றது.

கும்பம் வைத்தால் விஜயதசமிவரை மேசையை அசைக்கக்கூடாது. உண்மையைச் சொன்னால் பெரியம்மா அன்றைக்கே ரெயிலேறிவிடுவார். சொல்லாவிட்டால் கண்காட்சியில் என் மேசை வெறும் மேசை. இரண்டுக்கும் பயந்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

விளக்கின் சூடும் சாம்பிராணியும் சேர, அடுத்த நாள் பின்னேரமே மாசி தன் குணத்தைக் காட்டியது. பெரியம்மா தேவாரத்தைப் பாதியில் நிறுத்தினார். “கீழ்வீட்டுக்காரர் வேணுமெண்டு காய்ச்சினம். விரத நாளில மீன் மணத்தை மேல விடுறினம்,” என்று யன்னல்களை அடித்துச் சாத்தினார். அது மணத்தைக் கவனமாக உள்ளேயே பூட்டிவைத்தது. பொடி போட்டுப் போட்டு மூக்குச் செத்துப்போயிருந்த அப்பா, தனக்கு ஒரு மணமும் தெரியவில்லை என்றார். கடைசியில் அம்மாவைக் கீழே அனுப்பினார்கள். கூடவே நானும் போனேன்.

கீழ்வீட்டில் இருந்தது ஒரு சிங்கள அன்ரி. அம்மா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்ல, அவருடைய சேலையில் ஏறியிருந்த மணத்தை இழுத்துப் பார்த்த அன்ரியின் முகம் மலர்ந்தது. “அனே, உம்பலகடயா? நாங்க கண்டு எத்தின மாசம்! எங்க மணக்குது? உங்கட வீட்டிலயா?” மாசிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர் என்பது அம்மாவுக்குத் தெரியாது. சண்டை பிடிக்கப் போன எங்களுக்கு முன்னாலேயே அவர் படியேறி வந்துவிட்டார்.

மூக்கு இழுத்த பக்கம் நடந்து, சாமி மேசைக்கு முன்னால் முழங்காலில் விழுந்தார். பெரியம்மா உருகிப்போனார். “பார், சிங்களப் பிள்ளைக்கு இருக்கிற பக்தியை!” என்றார். அன்ரி மேசைக்குக் கீழே பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பெரியம்மாவின் பின்னால் நின்று, கண்ணீரோடு தலையை இடமும் வலமும் ஆட்டினேன். அவர் மேசையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார். அன்றிரவு நான் சரஸ்வதியைக் கும்பிடவில்லை, அன்ரியைத்தான் கும்பிட்டேன்.

அடுத்த நாள் படிக்கட்டில் வைத்து எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். கண்காட்சி நாள் விடிய, அவர் தட்டு நிறையப் பூவோடு வந்தார். பூவுக்குள் ஒரு மரத்துண்டு இருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. மேசைக்கு முன்னால் நீட்டி விழுந்து வணங்கியவர், தோளால் மேசையின் மூலையை மெல்ல உயர்த்தினார். கும்பத்தின்மேல் இருந்த தேங்காய் நடுங்கியது. அந்த நேரம் பார்த்துக் குசினியிலிருந்து வந்த பெரியம்மா, மங்கிய கண்ணாலும் அதைக் கண்டுவிட்டார். “அம்மன் அசையிறா! தாயே!” என்று இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்தார். தேங்காய் விழவில்லை.

பள்ளிக்கூடம் போக இறங்கியபோது, அன்ரி தன் வாசலில் வைத்து மாசியை என் கையில் தந்தார். “துவ, கவனம்,” என்றார். மகளே என்று அர்த்தம். பேப்பரில் வைத்துப் பார்த்தேன். நுனியில் ஒரு பெருவிரல் அளவு குறைந்திருந்தது. அன்ரி என் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டார். தெய்வம்போல நினைத்தவர் கள்ளியாகிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மேலே பெரியம்மா, மணம் போனதும் அம்மனின் அருள்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்காட்சியில் இந்தியாவின் மேசையில் உருக்குக் கரண்டியும் பருத்திச் சேலையும் தையல் மெசினின் சில்லும் இருந்தன. பார்க்கத்தான் ஆளில்லை. தாய்மார் எல்லோரும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் மாசியைக் கையில் எடுத்து மணந்தார். பக்கத்தில் நின்றவரிடம் கொடுக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு மணந்தார். ரீச்சர்கூட இரண்டு தரம் வந்தார். முதலாம் பரிசு எனக்கு. என் கையெழுத்தின் அழகுதான் காரணம் என்று நினைத்தேன்.

மத்தியானம் அப்பா வந்தார். மேசையில் கிடந்த ‘வைரமான மரத்தை’ப் பார்த்தார், மட்டையை வாசித்தார், திரும்பவும் மரத்தைப் பார்த்தார். “பெரியம்மாட்டச் சொல்லிப்போடாதை,” என்றார். பிறகு போகாமல் ஒரு ஓரமாக நின்று, மணந்து மணந்து கை மாற்றும் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பொடி டப்பாவைக் கையில் எடுத்தவர் திறக்கவேயில்லை. அன்ரி நுனியை முறித்ததைச் சொன்னேன், சண்டைக்குப் போவார் என்ற ஆசையில். “எடுக்கட்டும், விடு,” என்றார்.

அன்று பின்னேரம் மாசியைத் திருப்பிக் கொடுக்க அப்பாவே என்னோடு கொட்டாஞ்சேனைக்கு வந்தார். வரும்போது, அம்மா விஜயதசமிக்கென்று போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பருப்பில் பாதியைப் பேப்பர்ச் சரையாகக் கட்டி எடுத்துக்கொண்டார். சிநேகிதியின் தாய் மாசியைப் பென்சில் கோட்டில் வைத்து, குறைந்த இடத்தை விரலால் தடவினாள். அப்பா பருப்புச் சரையை நீட்டினார். பிரித்துப் பார்த்தவள், “ஐயோ, இது மெத்தக் கூட, ஐயா,” என்று சொன்னாள். ஆனால் திருப்பித் தரவில்லை.

பஸ்ஸில் வரும்போது, ஒரு பெருவிரல் மாசிக்கு அரைப் போத்தல் பருப்பு என்பது சுத்த நட்டம் என்று அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். வேறு நாளென்றால் மூன்று நாட்டை இழுத்து வைத்துப் பதில் சொல்லியிருப்பார். அன்று யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கணக்கில் அப்பாவை மடக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

‘அத்தியாவசியமற்றது, அனுமதிக்க முடியாது’ என்று அவர் நாள் முழுக்க அடித்துத் தள்ளிய கடிதங்களில் மாசியும் பருப்பும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்த மாசி எப்படி இருக்கும் என்று அவரே அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறார்.