போலீஸ் அதிகாரி கேட்ட கேள்வி

ஃபிரிஸ்கோ நகரில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சிக்னலில் என் மகள் எதிர்வரிசையைக் கடந்து இடப்பக்கம் திரும்பியபோது எதிரே வந்த கார் மோதியது. அவள் லைசென்ஸ் வாங்கி அதிக நாள் ஆகவில்லை. அடி எதுவும் படவில்லை. ஆனாலும் அவள் சாவியை எடுத்தால் இன்றும் வாசல்வரை போய் நின்று பார்க்கிறேன்.

அன்று ஓடிப்போய் நின்றதும், "ஏன்டி பாக்காம திரும்பினே?" என்றுதான் கேட்டேன். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்த போலீஸ் அதிகாரி, திரும்புவதற்கு முன் என்னென்ன பார்த்தாய் என்று ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். அவரிடம் பேசினாள். எதிர்வரிசையில் நின்ற பெரிய ட்ரக் எதை மறைத்தது என்று கையை நீட்டிக் காட்டினாள். நான் கேட்டபோது எனக்குப் பதில் தேவைப்படவில்லை. என் பயம்தான் கேட்டது.

அடுத்த வாரம் இர்விங்கில் உள்ள என் அலுவலகத்தில், நான் நடத்தும் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், சோதனை முடியாத மென்பொருள் மாற்றத்தை வாடிக்கையாளரின் இணையதளத்தில் ஏற்றிவிட்டார். காலை முழுக்கத் தளம் முடங்கியது. அவரை ப்ராஜெக்டில் வைத்துக்கொள்வதா என்று மாலைக்குள் சொல்லும்படி டைரக்டர் கேட்டார். அவர் எச்-1பி என்ற வேலை விசாவில் வந்தவர்; வேலை போனால் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

புதியவரைக் கூப்பிட்டேன்; எதிரே வந்து உட்கார்ந்தார். 'ஏன்' என்பது வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"ஏத்துறதுக்கு முன்னாடி என்ன பாத்தீங்க?"

"க்ரூப் சாட்ல 'இன்னிக்கு ஏத்தலாமா'ன்னு கேட்டேன்க்கா. எல்லாரும் பாத்துட்டாங்க. யாரும் வேணாம்னு சொல்லல."

"அதனால?"

"எங்க வீட்ல அப்பா ஒண்ணும் சொல்லலைன்னா, போலாம்னுதான்க்கா அர்த்தம்."

சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

குழுவில் மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டேன். வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்று எல்லோருமே விட்டிருந்தார்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. மாலையில் டைரக்டரிடம் அதையும் சேர்த்தே சொன்னேன். "இனிமேல் ஏற்றுவதற்கு 'சரி' என்று சொல்லப்போவது யார்?" என்று கேட்டார்.

"நான்."

"அப்படியானால் அவர் இருக்கட்டும்."

விஷயத்தைச் சொன்னதும் புதியவர் நிம்மதியாக மூச்சு விட்டார். "அடுத்த தடவை எவ்ளோ நேரம் வெயிட் பண்ணணும்க்கா?"

"பதில் வர்ற வரைக்கும். வரலைன்னா என் சீட்டுக்கு வந்து நில்லுங்க."