நாலாவது தட்டு

என் மகளுக்கு நான்கு வயது. நாள் முழுக்க அவள் வாயில் ஒரே பேச்சுதான்: "எங்க மிஸ்." மிஸ் தலையை இப்படித்தான் வாருவாங்க, மிஸ் உட்கார்ந்துதான் தண்ணி குடிப்பாங்க. பெற்றவள் நான் தையல் மிஷின் முன்னால் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். என்னைப் பற்றிப் பள்ளியில் ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பாளா? எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

நூறு வரை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே சொல்வேன், அவளும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். பள்ளியில் சேர்த்த அன்று பெருமையாக ஒப்பிக்க வைத்தேன். மிஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாட்டில் மூடிகளை மேசையில் கொட்டி, "எனக்கு அஞ்சு மூடி குடு, கண்ணு" என்றாள். இவள் இரண்டு கையாலும் மொத்தத்தையும் அள்ளி நீட்டினாள்.

"பாட்டு நல்லா வருதுங்க. இனிமே எண்ணக் கத்துக்கட்டும்."

பாட்டாம்! என் உழைப்பு அவளுக்குப் பாட்டு!

அதோடு நான் சொல்லிக் கொடுத்த நூறை மூட்டை கட்டியாயிற்று. இப்போது என் பொத்தான் டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணுகிறாள். நான் முந்திக்கொண்டு "ஆறு, ஏழு" என்றால், "தொடாம சொல்லக் கூடாதும்மா, மிஸ் சொன்னாங்க" என்கிறாள். பொத்தான் என்னுடையது, சட்டம் மட்டும் அந்த மகராசியுடையது.

நேற்றுச் சாப்பிடும் நேரத்தில், "ஆளுக்கொரு தட்டு எடுத்துட்டு வா" என்றேன். வீட்டில் நாங்கள் மூன்றே பேர்.

"அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, மிஸ்ஸுக்கு ஒண்ணு. நாலு!"

"சரியாத்தானே எண்ணியிருக்கா!" என்று என் கணவர் சிரித்தார். நாலாவது தட்டை உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னேன்.

காலையில் முதல் வேலையாகப் பள்ளிக்குப் போனேன். "எண்ணக் கத்துக்குடுத்த லட்சணமா இது? மூணு பேர் வீட்ல நாலு தட்டு வைக்கிறா. உங்களுக்கும் சேர்த்து!"

"எனக்கா?" என்றாள் மிஸ். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இந்த மேசைல ஆறு பிள்ளைங்க, நான் ஒருத்தி. டம்ளர் எடுத்துட்டு வான்னா உங்க பொண்ணு ஏழு சரியா எடுத்துட்டு வருவா. ஆனா எனக்குத் தரமாட்டா. 'இது எங்கம்மாவுக்கு'ன்னு காலி நாற்காலி முன்னாடி வச்சிடுவா. கேட்டா அழுகை. தினமும் நானேதான் போய் ஒண்ணு எடுத்துக்கறேன். நிஜமாச் சொன்னா, உங்க மேல எனக்குப் பொறாமைங்க."

வழியெல்லாம் வசவு சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"எந்த நாற்காலி?" என்று மட்டும் கேட்டேன்.

மிஸ் கை காட்டினாள். சன்னல் ஓரத்தில் இருந்தது. குழந்தைகளுக்கான சின்ன நாற்காலி. கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

இன்றைக்கும் நாலு தட்டு வந்தது. நாலாவதைத் திரும்ப உள்ளே வைக்கச் சொல்லவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், மிஸ் என்ன வந்து சாப்பிடவா போகிறாள்.